செஞ்சிக் களஞ்சியத்தின் நிழலில்

புளியங்காடு எனப் பெயர்ப்பொருள் கொண்ட திண்டிவனத்திலிருந்து, பங்கு இளைஞர் சிலருடன் புளிச்சோற்றுப் பொதிகளைச் சுமந்து மேற்கே செஞ்சி சேர்ந்தோம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைக் குரு நிக்கோலாஸ் பிமெந்தா கண்டு வியந்த மாநகர் அது. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியர் காலக் கோட்டைகளுள் ஒன்று.

கல்யாண மகாலைக் கண்டபின், இராஜகிரி அடிவாரத்து நெற்களஞ்சியத்தின் நிழலில் பசியாறினோம். இரவுக்கென ஒரு பொதியைப் பையில் பத்திரப்படுத்தினோம். அருகே வெள்ளரிப்பிஞ்சு விற்ற மூதாட்டி காலையிலிருந்து உண்ணவில்லை என்றறிந்த இளைஞனொருவன், தன் சோற்றில் பாதியை நீட்டினான்.

கோட்டைக்கே சோறளந்த களஞ்சியத்தில் இன்று ஒரு நெல்மணியும் இல்லை. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாய்க் கட்ட எண்ணிய செல்வனைப் பற்றி எத்தனை முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம்! நாணத்துடன் பையை அவிழ்த்தோம். கைம்மாறாக அவ்வன்னை அளித்த வெள்ளரிப்பிஞ்சு அமுதாய் இனித்தது. அன்பர்களே, சேர்த்தது அழிந்தது, பகிர்ந்ததே நிலைத்தது.