மச்சை அறையாக்கலாமா?

கும்பகோணம் பக்கம் உளுந்து பார்க்கப் போன இடத்தில், அந்த விவசாயி என்னை மச்சுக்கு ஏற்றிவிட்டார். நாட்டு ஓட்டு வீடு. “பையனுக்குக் கல்யாணம் சார். இதை அறையாக்க ஆசாரி ஒண்ணேகால் லட்சம் சொல்றார்.”

பலகை, படி, ஜன்னல் எல்லாம் கணக்கில் இருந்தன. உத்திரம் இல்லை. சுவருக்குள் போகும் நுனியைச் சாவியால் குத்தினேன். பாதி சாவி இறங்கியது. கரையான்! உத்திரம் மாற்ற முட்டுக்கொடுத்துச் சுவரை உடைக்க வேண்டும். செலவு அங்கேதான் ஏறும். ஓட்டுச் சூடு வேறு. பகலில் புதுப்பெண் அங்கே இருக்க முடியாது.

மேலே 75 கிலோ நெல் மூட்டை இருபது. ஒன்றரை டன். நேர் கீழே அவர் அம்மாவின் கட்டில்.

அறைப் பேச்சு அப்படியே நின்றது. இருட்டுவதற்குள் மூட்டைகளை இறக்கினோம். நானும் நாலு பிடித்தேன்.