45 விநாடியில் ஒரு நதி!

கொல்கத்தா போறீங்களா பாஸ்? ஹவுராவில் இறங்கியதும் டாக்ஸிக்காரர் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காதீங்க. ஊரைச் சுற்ற மெட்ரோவும் லாஞ்சும் போதும். சொல்றது, அனுபவசாலி!

டெக்னிக்கல் ஃபெஸ்ட் ஒன்றுக்காக நானும் ரூம்மேட்டும் போயிருந்தோம். (பரிசா? அந்தப் பேச்சை விடுங்க!) ராத்திரி ஹவுரா மெயிலுக்கு முன்னால் முழுசாக ஒரு பகல் மிச்சம். ரெண்டு பேர் பாக்கெட்டையும் சேர்த்து உதறினால் 340 ரூபாய். படிப்பதோ சிவில். அதனால் ஒரே திட்டம்தான்... ஹூக்ளி நதியைத் தண்ணிக்கு அடியில், தண்ணி மேல், பாலத்தில் என மூணு விதமாகவும் கடந்துவிடுவது!

பைகளை க்ளோக் ரூமில் போட்டுவிட்டு ஹவுரா மெட்ரோவுக்கு இறங்கினோம். இறங்கினோம்... இறங்கிக்கொண்டே இருந்தோம். கிட்டத்தட்ட 30 மீட்டர் ஆழம்! இந்தியாவின் முதல் மெட்ரோ 1984-ல் ஓடியது இந்த ஊரில்தான். நதிக்கு அடியில் முதல் மெட்ரோ ஓடியதும் இங்கேதான், 2024 மார்ச்சில். எஸ்பிளனேடுக்கு டிக்கெட் வெறும் 10 ரூபாய். சுரங்கச் சுவரில் நீல வெளிச்சம் வந்தால் தலைக்கு மேல் ஹூக்ளி என்று அர்த்தம். நான் செல்போனை எடுத்து கேமராவைத் தேடுவதற்குள் நதி முடிந்துபோச்சு. 520 மீட்டர், சுமார் 45 விநாடி!

"மணிக்கு 41.6 கிலோமீட்டர் மச்சான்" என்றான் ரூம்மேட். இவனோடு டூர் போனால் இப்படித்தான்.

எஸ்பிளனேடிலிருந்து மைதானம் வழியாக நடந்தால் பிரின்செப் காட். 'காட்' என்றால் படித்துறை. ஜேம்ஸ் பிரின்செப் நினைவாகக் கட்டிய மண்டபம் இருக்கிறது. 1837-ல் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டியவர் அவர். கீழடி பானை ஓட்டில் இருப்பதும் அந்த எழுத்துக் குடும்பம்தான், அதனால் ஒரு வணக்கம் போட்டேன். அங்கே துடுப்புப் படகில் வித்யாசாகர் சேது பாலத்துக்கு அடியில் சுற்றிக் காட்டுகிறார்கள். ரேட்டைக் கேட்டோம். கேட்டதோடு சரி!

ஏழைகளின் உல்லாசப் படகு லாஞ்ச்தான். கரையோரமாகவே நடந்து பாபு காட் வந்தால் ஹவுராவுக்கு லாஞ்ச் கிடைக்கும். காசு, ஒரு டீ செலவுதான். கடல் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஹூக்ளியும் ஏறி இறங்குவதால் துறையே மிதக்கிறது. தண்ணி வற்றிய நேரம் இறங்குபாதை சறுக்குமரம் மாதிரி சரிந்து நிற்கும். செருப்பு பத்திரம்!

லாஞ்சில் பக்கத்தில் நின்ற அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தோம். அந்த ஊரில் அண்ணன் என்றால் 'தாதா'. நம்ம ஊரில் அப்படிக் கூப்பிட்டுப் பாருங்க, தெரியும் சேதி! அரைகுறை இங்கிலீஷில் மெட்ரோவைப் புகழ்ந்து தள்ளினோம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்.

"எங்க அத்தை வீடு பௌபஜார்ல இருந்துச்சு."

எங்களுக்கு விஷயம் தெரியும். 2019 ஆகஸ்ட் 31. எஸ்பிளனேடிலிருந்து சியால்தா நோக்கிச் சுரங்கம் தோண்டிப்போன இயந்திரம், பௌபஜாரில் நிலத்தடி நீர் அடுக்கில் முட்டியது. தண்ணீரோடு மண்ணும் உள்ளே இறங்க, மேலே தரை அமிழ்ந்தது. பழைய வீடுகள் விரிசல் விட்டன, சில இடிந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் கட்டிய துணியோடு வெளியேறினார்கள். எங்கள் சிலபஸில் இதற்கு 'செட்டில்மென்ட்' என்று பேர். ரெண்டு மார்க் கேள்வி.

"இப்ப அந்த லைன்ல நீங்க போறீங்களா தாதா?"

"தினமும்! சீக்கிரமா போகுதே" என்று சிரித்தார். 2025 ஆகஸ்ட்டில் அந்தத் துண்டும் திறந்து, ஹவுராவும் சியால்தாவும் ஒரே லைனில் சேர்ந்துவிட்டன. "திரும்பறப்ப மட்டும் லாஞ்ச். காத்து வரும்ல? அத்தைதான் இன்னும் மெட்ரோல ஏறலை."

ஹவுராவில் இறங்கி, மண் குவளையில் ஆளுக்கொரு டீ வாங்கித் தந்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துபோனார்.

மிச்சம் இருந்தது பாலம். 1943-ல் திறந்தது. 26,500 டன் இரும்பு, நட்டு போல்ட்டே இல்லாமல் முழுக்க ரிவெட்! ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. இவ்வளவு பெரிய பாலத்துக்கு எமன் எது தெரியுமா? வெற்றிலை எச்சில்! தொங்கு கம்பங்களின் அடியில் இருந்த இரும்பு உறையை 6 மில்லிமீட்டரிலிருந்து பாதியாக அரித்துவிட்டதாம். ஃபைபர் கவசம் போட்டிருக்கிறார்கள். ரூம்மேட் ஒரு ரிவெட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே நிற்க, தலையில் மூட்டையோடு வந்தவர் பெங்காலியில் ஏதோ சத்தம் போட்டார். மொழி புரியலைன்னாலும் அர்த்தம் புரிஞ்சது. ஓடிவிட்டோம்!

ரெண்டு எக் ரோல் போக மீதி 112 ரூபாயோடு ரயில் ஏறினோம். மேல் பெர்த்தில் ரூம்மேட் பையிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினான். எட்டிப் பார்த்தேன். சாயில் மெக்கானிக்ஸ்! பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு பாஸ்...