குமட்டலும் ஒரு தேக்கரண்டித் தண்ணீரும்



2024 ஜூன் 17, திங்கட்கிழமை, ஹஜ்ஜுப் பெருநாள். கள்ளக்குறிச்சியில் மற்ற முஸ்லிம் வீடுகளைப் போலவே எங்கள் வீட்டிலும் குர்பானி இறைச்சியும் உறவினர் வருகையுமாக அந்த நாள் கழிந்தது. மறுநாள் மஃக்ரிபுக்குப் பின் எங்கள் ஐந்து வயது மகள், "அத்தா, குமட்டுது" என்று வந்து நின்றாள். இஷாவுக்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பிறகு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது.

உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும் என்பதை அறிந்தே இருந்தோம். ஒரு தம்ளர் நிறையக் கலந்து கொடுத்தோம். தாகத்தில் ஒரே மூச்சில் குடித்தாள். ஐந்து நிமிடத்தில் அத்தனையும் வெளியே வந்துவிட்டது. இரண்டாவது தம்ளருக்கும் அதே கதிதான். "வயிறு எதையும் ஏற்கவில்லை, சற்று காலியாகக் கிடக்கட்டும், விடிந்ததும் பார்க்கலாம்" என்று முடிவு செய்தோம். இரவில் அவள் தண்ணீர் கேட்டபோதெல்லாம், "கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்று சொல்லித் தட்டிக்கொடுத்தோம். மதரஸாவில் பொறுமையைப் பற்றிப் பாடம் நடத்தும் நாங்கள், தாகத்தோடு கிடந்த குழந்தையிடம் பொறுமையைக் கேட்டோம்!

ஃபஜ்ருக்கு எழுந்தபோது அவளுடைய உதடு வறண்டு, கண்கள் உள்ளே போயிருந்தன. இரவு முழுவதும் அவள் சிறுநீர் கழிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அள்ளிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினோம். பரிசோதித்த அவர், முதலில் வாய்வழியாகவே முயன்று பார்ப்போம் என்றார். செவிலியர் ஒருவர் எடுத்து வந்தது ஒரு கிண்ணம் ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஒரு தேக்கரண்டியும்தான். ஒரு கரண்டி கொடுத்தார். இரண்டு மூன்று நிமிடம் கழித்து இன்னொரு கரண்டி. நடுவில் ஒருமுறை வாந்தி வந்தது. பத்து நிமிடம் விட்டுவிட்டு, இன்னும் மெதுவாக மீண்டும் தொடங்கினார். "பாய், தம்ளர்ல குடுத்தா வயிறு தள்ளும், கரண்டியில குடுத்தா வாங்கிக்கும்" என்றார். முற்பகலில் குழந்தை சிறுநீர் கழித்தாள். அல்ஹம்துலில்லாஹ், பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

அந்தச் செவிலியரின் ஒற்றை வாக்கியத்தில் நாங்கள் அறியாத உண்மை இருந்தது. புண்பட்ட இரைப்பையில் ஒரேயடியாக நீர் நிறைந்தால் அது விரிந்து வாந்தியைத் தூண்டும். சிறிது சிறிதாகச் சென்றால் நீர் குடலுக்கு இறங்கிவிடும். வயிற்றுப்போக்கின்போதும் குடல், சர்க்கரையோடு சேர்த்து உப்பையும் நீரையும் உறிஞ்சும் ஆற்றலை இழப்பதில்லை. இடையே வாந்தி வந்தாலும் கொடுத்ததில் ஒரு பகுதி உள்ளே தங்கியிருக்கும். ஆகவே வாந்தி வருகிறது என்பதற்காகத் தண்ணீரை நிறுத்தக்கூடாது. கொடுக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

1953இல் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, காலரா நோயாளிகளின் வாந்தியைக் கட்டுப்படுத்தி, உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் குணப்படுத்தியதை லான்செட் இதழில் எழுதினார். 1971இல் வங்காளதேசப் போரின் அகதிகள் எல்லையோர பன்காவில் காலராவால் மடிந்துகொண்டிருந்தனர். நரம்பில் ஏற்றும் மருந்து தீரும் நிலை வந்தபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் பீப்பாய்களில் இந்தக் கரைசலைக் கலந்து வைத்து, உறவினர்களையே எடுத்துக் கொடுக்கச் செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு, 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்த பின் 2023இல் பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது. அன்று உயிர்களைக் காத்ததில் பெரும்பங்கு, நோயாளியின் அருகே அமர்ந்திருந்த தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும் உண்டு.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை வீட்டில் எப்போதும் வைத்திருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும். அதில் குறித்துள்ள அளவு நீரில் முழுவதையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். அது கிடைக்காதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் தீங்கு. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வாந்தி தணிந்ததும் குழைந்த கஞ்சி, இட்லி, மோர் என்று தொடங்கலாம். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் நோயாளிகளுக்குத் தரப்பட்ட தல்பீனாவும் மாவில் காய்ச்சிய மெல்லிய கஞ்சிதான். காப்பி, குளிர்பானம் வேண்டாம். படுத்திருப்பவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தாளிப்பு மணம் எட்டாத காற்றோட்டமான இடமாக இருக்கட்டும். பெரியவர்களுக்கு இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர் குமட்டலைச் சற்றுத் தணிக்கலாம். வாந்தியை நிறுத்தும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கல்வராயன் மலையிலிருந்து வரும் கடுக்காய் நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும். அது மலமிளக்கி; இந்த நேரத்துக்கு ஆகாது.

சகோதரரின் வயிற்று நோயைச் சொல்லி வந்த ஒருவரிடம், தேன் புகட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பயனில்லை என்று அவர் திரும்பத் திரும்ப வந்தார். ஒவ்வொரு முறையும் மீண்டும் கொடுக்கவே சொன்னார்கள். இறுதியில் நோயாளி குணமடைந்தார். பலமுறை இதைப் பாடமாக நடத்தியிருக்கிறோம். ஆனால் இரண்டு தம்ளரோடு கைவிட்ட அந்த இரவில் இது நினைவுக்கு வரவில்லை. (ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, மற்றவர்க்கும் கரைசலுக்கு மாற்றாக அது ஆகாது.)

நோன்பு நேரத்தில் இந்நோய் வந்தால் சிலர் தண்ணீரை மறுத்துவிடுகின்றனர். தானாக வரும் வாந்தியால் நோன்பு முறியாது என்பது உண்மையே. ஆனால் உடல் வற்றும் நிலையில் நோன்பை விட்டு, பின்னர் களாச் செய்ய அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்கு அனுமதி தருகின்றன. அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கீழ்ப்படிவதே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மகளோடு நாங்கள் மருத்துவரிடம் இருந்த அதே 19ஆம் தேதி, ஊரெங்கும் ஆம்புலன்ஸ் ஒலி ஓயவில்லை. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்களை ஏற்றிச் சென்ற வண்டிகள் அவை. 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுக்கும் வாந்தியும் வயிற்று வலியும் இருந்தன. அந்த நஞ்சுக்குக் கரைசலும் கஞ்சியும் மருந்தல்ல. வாந்தியோடு பார்வை மங்கினால், என்ன குடித்தார் என்று வெட்கத்தால் மறைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். குற்றம் பார்ப்பதற்குப் பிறகு நேரம் உண்டு, உயிருக்கு இல்லை.

வாந்தியில் இரத்தமோ பச்சை நிறமோ தெரிந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லையென்றால், குழந்தை கண்ணீரின்றி அழுதால், துவண்டு கிடந்தால், கடும் வயிற்று வலியோ கழுத்து இறுக்கமோ இருந்தால், கரண்டியில் கொடுத்தும் எதுவுமே தங்காவிட்டால், வீட்டில் காத்திருக்கக் கூடாது. பெரியவர்களுக்கு நெஞ்சு வலியோடு குமட்டல் வந்தாலும் அப்படியே. தரையில் படுத்துறங்கியவர் நள்ளிரவில் வயிற்று வலியும் வாந்தியுமாக எழுந்தால் கட்டுவிரியன் கடியையும் நினைத்துப் பாருங்கள்; அதன் கடி பெரும்பாலும் வலிக்காது. மலைக் கிராமங்களில் இருப்போர் இருட்டும் வரை பொறுத்துப் பார்க்காமல் 108ஐ அழையுங்கள்.

மகளுக்கு இப்போது அந்த இரவு நினைவில் இல்லை. எங்களுக்கு இருக்கிறது. அன்று பொறுமை காட்ட வேண்டியவள் அவளல்ல. விடியும் வரை அருகில் அமர்ந்து, நோயாளிக்கான துஆவை ஓதியபடி, மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி கொடுத்திருக்க வேண்டிய நாங்கள்தான். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும், நமக்கு அந்தப் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.