உருளைக்கிழங்கு சாம்பியன்

சின்ன வயதில் எங்கள் வீட்டு கேரம் போர்டு பாதி நாள் பரண் மேல்தான் இருக்கும். பரீட்சை நெருங்கினால் அப்பா தூக்கி மேலே போட்டுவிடுவார். "இதை ஆடி எவன்டா உருப்பட்டிருக்கான்?" என்பார். எனக்குப் பதில் தெரியாது.

பதில் ரொம்ப வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. வில்லி மாஸ்கோனி.

1913-ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அப்பா ஜோசப் பூல் விளையாட்டுக்கூடம் நடத்தியவர். ஆனால் மகன் மட்டும் குச்சியைத் தொடக்கூடாது! சொந்தக்காரப் பையன்கள் மேடையில் நடனம் ஆடிப் பெயர் வாங்கியிருந்தார்கள். இவனும் டான்ஸ் ஆடணும் என்பது அப்பாவின் ஆசை. பந்துகளையும் குச்சிகளையும் பூட்டி வைத்தார்.

பையன் என்ன செய்தான் தெரியுமா? அம்மாவின் சமையலறையிலிருந்து குட்டிக் குட்டி உருளைக்கிழங்குகளை எடுத்துக்கொண்டான். துடைப்பக் கட்டைதான் குச்சி. யாரும் இல்லாத நேரத்தில் உருளைக்கிழங்கை உருட்டியே பழகினான். விஷயம் தெரிந்ததும் அப்பா வழிக்கு வந்தார். பெரிய ஆட்டக்காரரான ரால்ஃப் கிரீன்லீஃபுடன் காட்சி ஆட்டம் ஆடியபோது வில்லிக்கு ஆறேழு வயதுதான். மேஜை எட்டாமல் பெட்டி மேல் ஏறி நின்று ஆடிய வயது.

கொஞ்ச நாளில் சலித்துப் போய் விட்டுவிட்டான். 1930-களின் பஞ்சம்தான் திரும்ப இழுத்து வந்தது. வேலை இல்லை, வீட்டில் சாப்பாட்டுக்குக் காசு வேண்டும், கையில் இருந்த ஒரே தொழில் இது. 1941-லிருந்து 1957-க்குள் பதினைந்து முறை உலக சாம்பியன். நடுவே 1956-ல் பக்கவாதம் வந்தது. எழுந்து வந்து மறுபடி ஜெயித்தார்.

அவர் ஆடியது 'ஸ்ட்ரெய்ட் பூல்'. எந்தப் பந்து, எந்தக் குழி என்று முதலிலேயே சொல்லிவிட்டு அடிக்கணும். பதினான்கு பந்துகள் விழுந்ததும் மீதி ஒன்றை மேஜையில் விட்டுவிட்டுப் பதினான்கையும் மறுபடி அடுக்குவார்கள். ஒரு தடவை தவறினால் எதிராளி முறை. 1954 மார்ச்சில் ஒஹையோ மாகாணத்து ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஒரு காட்சி ஆட்டம். 200 பாயின்ட் எடுத்தால் முடிந்தது. மனுஷர் அதைத் தாண்டியும் நிற்கவில்லை. தவறாமல் 526 பந்துகள்! பார்த்தவர்கள் கையெழுத்துப் போட்டு சாட்சிப் பத்திரமே எழுதினார்கள். அந்த எண்ணைத் தாண்ட 2019 வரை, அதாவது 65 வருஷம் ஆனது. ஜான் ஷ்மிட் என்பவர் 626 எடுத்தார்.

மாஸ்கோனியின் வருத்தம் வேறு. பூல் என்றாலே சூதாட்டம், புகை, ரவுடிகள் என்று ஊர் நினைத்தது. அதை மாற்றத்தான் கோட்டும் டையுமாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து ஆடினார். 1961-ல் வந்த 'தி ஹஸ்லர்' படத்தில் பால் நியூமேனுக்குக் குச்சி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் இவர்தான். அந்தப் படத்தில் மின்னசோட்டா ஃபேட்ஸ் என்று ஒரு பாத்திரம். ருடால்ஃப் வாண்டரோன் என்ற குண்டு மனிதர், "அது நான்தான்" என்று அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். வாய்ஜாலக்காரர். ஊருக்கெல்லாம் அவரைத்தான் தெரிந்தது, பதினைந்து முறை ஜெயித்தவரைத் தெரியவில்லை. 1978-ல் டி.வி-யில் இருவரும் மோதினார்கள். ஃபேட்ஸ் பேசினார், 64 வயது மாஸ்கோனி ஜெயித்தார். 1993-ல் மறைந்தார்.

இதையெல்லாம் படித்ததும், "அப்பா, பார்த்தீங்களா?" என்று கேட்கத் தோன்றியது. கேட்க அவர் இல்லை. இருந்திருந்தாலும் ஒரு வார்த்தையில் மடக்கியிருப்பார்.

அவன் பந்தைப் பூட்டினதும் சமையலறைக்குப் போனான். என் போர்டு பரணுக்குப் போனதும் நான் என்ன செய்தேன்? தூங்கப் போனேன்!