ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள்

நேத்து அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவும்போது எண்ணிப் பார்த்தோம், ஒன்பது பேர்தான். மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்காகக் கோயில் பாயில் உட்கார்ந்து தேவாரம் மனப்பாடம் பண்ணிய தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள், அப்போ இருபது பேர்.

ரப்பர் போய் செம்பனை வந்தது, லயம் காலியானது. சிலர் பெர்னாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், சிலர் ஜொகூர், ஒருத்தி கிள்ளான். மிச்சம் இருந்தது வாட்சாப் குரூப்பும் காலை வணக்கமும்தான்.

கிள்ளான்காரி ஆறு மாதமாக ஒன்றும் எழுதவில்லை. ஏன்டின்னு ஒருத்தரும் கேட்கவில்லை. தப்பு எங்கள் மேல்தான். வாரம் 3 முறை டயாலிசிஸ் என்று அவள் மகன் சொல்லித்தான் தெரிந்தது. அன்னிக்கே முறை போட்டோம். சனிக்கிழமை ஹுத்தான் மெலிந்தாங் முறை, விடியுமுன் கார் ஏறுவோம்.

நேத்து வீடியோ காலில் சாம்பார் அண்டாவைக் காட்டச் சொன்னாள். அவளுக்குக் குடிக்கிற தண்ணீரே அளவுதான், பார்க்கத்தான் முடியும். "கலரே சரியில்ல, புளி ஜாஸ்தி"ன்னாள். ருசி பார்த்தால் உண்மை!

வர்ற சனிக்கிழமைக்கு ஒரு கார் குறையுது. முடிந்த அக்காமார் குரூப்பில் சொல்லுங்க.