கேள்வி கேட்காத மரியாதை

தோக்கியோ.

கோயம்புத்தூர்த் தம்பி ஒருவன் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். கெட்டிக்காரன், ஊரிலேயே ஜப்பானிய மொழி படித்துவிட்டு வந்தவன். இந்த வாரம் மதியச் சாப்பாட்டின்போது, எதிரே உட்கார்ந்திருந்த மூத்த ஜப்பானிய அம்மாவிடம், "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று அந்த மொழியிலேயே கேட்டுவிட்டான். அவர் சிரித்துக்கொண்டே "இல்லை" என்றார். மேசையில் இருந்த மற்றவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மிசோ சூப் குடிக்கத் தோன்றிவிட்டது. மறுநாள் காலை பிரிவுத் தலைவர் தம்பியைத் தனி அறைக்குக் கூப்பிட்டார். அதற்கும் மறுநாள், ஆள் மேய்க்கிற எங்கள் எல்லோருக்கும் 'பவாஹரா' பயிற்சி.

பவாஹரா என்றால் பவர் ஹராஸ்மெண்ட். பதவியை வைத்துக்கொண்டு கீழே இருப்பவரைப் படுத்துவது. 2001-இல் யசுகோ ஒகாடா என்ற ஆலோசகர் புழக்கத்தில் விட்ட சொல் இது. இப்போது இவர்களுக்கு எதைப் பார்த்தாலும் ஹரா: பெண்களிடம் வாலாட்டினால் செக்குஹரா, கர்ப்பிணியை மிரட்டினால் மடாஹரா, குடிக்கச் சொல்லி வற்புறுத்தினால் அருஹரா. பயிற்சி கொடுத்த அம்மாள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எனக்குப் பழனிப் படியில் நிற்கிற நினைப்பு. அரோகரா சொல்லாமல் வாயை அடக்கிக்கொண்டேன்.

சட்டத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் தொழிலாளர் சட்டம் ஒன்றைத் திருத்தினார்கள். 2020 ஜூனில் பெரிய கம்பெனிகளுக்கும் 2022 ஏப்ரலில் சின்னக் கம்பெனிகளுக்கும் அது கட்டாயமானது. ஒரு செயல் பவாஹரா ஆக மூன்று நிபந்தனை: செய்தவர் மேல் கையில் இருக்க வேண்டும், வேலைக்குத் தேவையான அளவை அது மீறியிருக்க வேண்டும், அதனால் மற்றவர் வேலை செய்யும் சூழல் கெட்டிருக்க வேண்டும். இதில் ஆறு வகை. அடிப்பது, பொருளை விட்டெறிவது ஒன்று. பலர் முன்னால் கத்துவது, இழிவாகப் பேசுவது இரண்டு. ஒதுக்கி வைப்பது மூன்று. முடியாத வேலையைத் தலையில் கட்டுவது நான்கு. ஐந்தாவது, தகுதிக்கு ஒவ்வாத அற்ப வேலையைக் கொடுப்பது, அல்லது வேலையே கொடுக்காமல் உட்கார வைப்பது. ஆறாவது, சொந்த விஷயத்தில் மூக்கை நுழைப்பது. மீறினால் அபராதம் கிடையாது. அரசு அறிவுரை சொல்லும், கேட்காவிட்டால் கம்பெனி பெயரை ஊரறிய வெளியிடும். பெயர் கெடுவதை இந்த ஊரில் அபராதத்தைவிடப் பெரிதாக நினைக்கிறார்கள்.

ஐந்தாவது வகைக்கு நான் எழுந்து நின்று கும்பிடுவேன். பிடிக்காத ஆளை ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு, வேலை கொடுக்காமல் உட்கார வைத்து, அவராகவே ராஜினாமா செய்யட்டும் என்று காத்திருப்பது இங்கே பழைய வழக்கம். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். டம்மி போஸ்டிங் என்றால் ரேஷன் கடை வரிசையில் நிற்பவருக்கும் புரியும். நேர்மையான அதிகாரியைத் தூக்கி எங்கே போட்டார்கள் என்பதை நாம் டீக்கடையில் வம்பாகப் பேசுகிறோம். இவர்கள் அதைக் கொடுமை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆறாவதில்தான் எனக்கு எரிச்சல். தம்பி அந்த அம்மாவுக்கு மேலதிகாரியா? புதிதாக வந்த பொடியன். முதல் நிபந்தனையிலேயே கதை முடிந்தது. இன்னொன்றும் உண்டு. அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறியில், எது பவாஹரா ஆகாது என்பதற்கும் உதாரணங்கள் இருக்கின்றன. ஊழியருக்கு அனுசரணையாக நடந்துகொள்வதற்காக அவர் குடும்ப நிலவரத்தைக் கேட்டறிவது தவறாகாது என்று அங்கேயே இருக்கிறது. ஒருவரின் பாலியல் நாட்டம், நோய் போன்றவற்றை அவர் சம்மதமில்லாமல் பிறரிடம் சொல்வதை அது கண்டிக்கிறது. அந்தக் கண்டிப்பு நியாயம், நம் ஊர் அலுவலகங்களில் சுவரில் எழுதி ஒட்ட வேண்டிய நியாயம். ஆனால் அக்கறையோடு கேட்கலாம் என்ற வரியைப் பயிற்சியில் அரை நிமிடத்தில் தாண்டிவிட்டார்கள். மேலாளர்களுக்கும் அதுதான் வசதி. எதுவரை கேட்கலாம் என்று யோசிப்பதைவிட எதையுமே கேட்காமல் இருப்பது சுலபம். அப்படி இருந்துவிட்டு அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள்.

போன வருடம் மதுரையில் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. லீவு விண்ணப்பத்தில் இங்கே காரணம் எழுதத் தேவையில்லை, 'சொந்த வேலை' என்று போட்டால் போதும். போட்டேன், போனேன், வந்தேன். எல்லோருக்கும் ஒரு பொட்டலம் தின்பண்டம் கொண்டுவந்து வைத்தேன், அது இங்கே சம்பிரதாயம். எல்லோரும் குனிந்து நன்றி சொன்னார்கள். எங்கே போனாய், எதற்குப் போனாய், ஒரு வார்த்தை இல்லை. நான் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கேட்காத இடத்தில் அம்மாவின் கண்ணைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது?

சென்னையில் எனக்கு வாய்த்த மேனேஜர் இந்த ஆறில் நான்கையாவது தினமும் செய்தவர். ஹால் நடுவில் நின்று 'எருமை' என்று கூப்பிட்டிருக்கிறார். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சாத்துக்குடிப் பையோடு முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான். டாக்டரிடம் தானே போய்ப் பேசினார். "பணத்துக்கு என்னப்பா பண்ணுறே?" என்று வராந்தாவில் வைத்துக் கேட்டார். இந்த ஊர்க் கணக்கில் ஆறாவது வகைக் குற்றம். அவரையும் எதையுமே கேட்காத இந்த ஊர் மேலாளரையும் தராசில் வைக்கச் சொன்னால் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்: எனக்கு அந்தக் கத்துகிற ஆளே போதும். எங்கள் குழுவில் இருந்த பெண்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

இவ்வளவு நுணுக்கமாக மரியாதையை வகை பிரித்தவர்களின் சூப்பர் மார்க்கெட்டில், பில் போடும் பெண்கள் நாள் முழுக்க நிற்கிறார்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் குனிந்து வணக்கம் வேறு. நின்று வேலை செய்பவர்களுக்கு இடையிடையே உட்கார வாய்ப்பு இருக்குமானால் நாற்காலி வைக்க வேண்டும் என்று இங்கே தொழில் பாதுகாப்பு விதி 615 சொல்கிறது. ஆனால் உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாகப் படுமாம். வாடிக்கையாளர் ஊழியரைப் படுத்துவதைத் தடுக்கவும் 2025 ஏப்ரலிலிருந்து தோக்கியோவில் தனி விதி வந்துவிட்டது. கால் வலிக்கிறதா என்று அந்தப் பெண்ணைக் கேட்க மட்டும் எந்த மேலாளருக்கும் வாய் வருவதில்லை.

இந்த ஒரு விஷயத்தில் நான் பயிற்சி அறையிலேயே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று கேரளம் 2018-இலும், தமிழ்நாடு 2021-இலும் சட்டத்தைத் திருத்தின. 'அங்காடித் தெரு' 2010-இல் வந்த படம், அதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சட்டம் எவ்வளவு தாமதம் என்று தெரியும். இருந்தாலும் வந்தது. பயிற்சி அம்மாளிடம் இதை இடைவேளையில் பெருமையாகச் சொன்னபோது, "கடைகளில் இப்போது எல்லோரும் உட்கார்கிறார்களா?" என்று திருப்பிக் கேட்டார். உட்கார்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

தி. நகர்ப் பக்கம் ஜவுளி எடுக்கப் போகிறவர்கள், சேலையைப் பிரித்துப் போடுகிற பெண்ணிடம் ஸ்டூல் இருக்கிறதா, அதில் உட்கார விடுகிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போன பிறகு கேளுங்கள்.