பயணிக்கு வருங்காலம், பத்திரத்துக்குக் கடந்த காலம்

நில எடுப்பு வழக்குக்கு வரும் கட்சிக்காரர்களில் இரண்டு வகை உண்டு. உயிரே போனாலும் நிலத்தைத் தர மாட்டேன் என்பவர்கள் ஒரு வகை. தருகிறேன், உரிய விலை வேண்டும் என்பவர்கள் இன்னொரு வகை. அந்த அம்மா இரண்டாம் வகை. மாவட்டத் தலைநகர் ஒன்றின் விமான நிலைய விரிவாக்கத்துக்காக அவருடைய இரண்டு ஏக்கர் புஞ்சை எடுக்கப்பட்டிருந்தது. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இங்கே வேண்டாம்.

"பிளேன் வரட்டும் தம்பி, நான் குறுக்க நிக்கல. பொண்ணு கல்யாணத்துக்கு அரை ஏக்கர விக்கப் போனேன், ஏர்போர்ட்டுக்குப் போற நிலம்னு ஒருத்தனும் வாங்கல. இப்ப என்னடான்னா, விலை போகாத நிலம்னு அவங்களே கணக்கு எழுதியிருக்காங்க. இது எந்த ஊர் நியாயம்?"

முழு வழக்கும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். 2010 வாக்கில் முதல் அளவை நடந்திருக்கிறது. கல் நட்டார்கள், பத்திரிகைகளில் செய்தி வந்தது, எந்தெந்த சர்வே எண்கள் போகும் என்று டீக்கடை வரை தெரிந்துவிட்டது. முறையான நோட்டீஸ் வந்ததோ 2017-இல். தொழில் தேவைக்கு நிலம் எடுப்பதற்கென்று தமிழ்நாடு இயற்றிய 1997-ஆம் ஆண்டுத் தனிச்சட்டப்படி அந்த நோட்டீஸ். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் நிலம் அந்த அம்மா பெயரில்தான் இருந்தது. பட்டா இருந்தது, சிட்டா இருந்தது, வில்லங்கச் சான்றில் ஒரு கறை இல்லை. ஆனால் கிணறு ஆழப்படுத்தக் கடன் கேட்டால் வங்கி தயங்கியது. வீடு கட்ட மனம் வரவில்லை. விற்கவும் முடியவில்லை.

வழக்கு நடுவில் கொஞ்ச காலம் முடங்கியது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், மத்திய அரசின் 2013 நில எடுப்புச் சட்டத்திலிருந்து இத்தகைய மாநிலச் சட்டங்களைக் காப்பாற்ற வந்த திருத்தம் செல்லாது என்றது. சட்டமன்றம் அதே ஆண்டு மீட்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த மீட்புச் சட்டத்தை ஏற்ற பிறகே எங்கள் இழப்பீட்டு மனு (எல்.ஏ.ஓ.பி.) சார்பு நீதிமன்றத்தில் மறுபடி நகர்ந்தது. நிலம் எடுப்பது மாநிலச் சட்டப்படி என்றாலும், இழப்பீட்டுக்கு அந்த 2013 மத்தியச் சட்டம்தான் அளவுகோல்.

அதன் 26-ஆம் பிரிவு சொல்லும் முறை எளிது. எடுப்பு முன்மொழியப்பட்ட ஆண்டுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயப் பத்திரங்களை எடு. அவற்றில் அதிக விலை காட்டும் பாதியைப் பிரித்துச் சராசரி பார். வழிகாட்டி மதிப்பு அதைவிடக் கூடுதல் என்றால் அதை வைத்துக்கொள். வந்த மதிப்புக்குச் சமமாக ஆறுதல் தொகையும் சேரும். அதாவது அடிப்படை விலையில் விழும் ஓட்டை, கைக்கு வரும் பணத்தில் இரட்டிப்பாகும்.

அரசுத் தரப்பு 2014 முதல் 2016 வரையிலான பத்திரங்களை எடுத்திருந்தது. திட்டப் பகுதிக்குள் பதிவானவை மிகச் சில. உறவுக்குள் நடந்த பாகம், கடனுக்காகக் கைமாறிய துண்டு நிலம், மருத்துவச் செலவுக்கு அவசரமாக விற்ற நிலம். சாலைக்கு மறுபுறம், வரைபடத்துக்கு வெளியே, அதே மண் மனைகளாகிப் பல மடங்கு விலைக்குப் போயிருந்தது.

விமான நிலையத் தரப்பில் திட்டப் பிரிவு அதிகாரி ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். நேர்மையான மனிதர். ஒரு விமான நிலையத்தின் கொள்ளளவு என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அவருடைய குறுக்கு விசாரணையில்தான். முனையக் கட்டடத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்பதோடு அது முடிவதில்லை. உச்ச நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஓடுபாதை எத்தனை விமானங்களை வாங்கும், நிறுத்துமிடம் எத்தனையைத் தாங்கும், முனையம் எத்தனை பயணிகளை அனுப்பும் என்று மூன்று கணக்குகள். எது குறைவோ அதுதான் நிலையத்தின் கொள்ளளவு. இதை நான் வீட்டில் விளக்கியபோது என் அம்மா, "மண்டபம் பெருசா கட்டிட்டுப் பந்தியில இலை போடலைன்னா கல்யாணம் நடக்குமா?" என்றார்.

எங்கள் ஊர் ஓடுபாதைக்கு இணையாக ஓடும் டாக்ஸிவே இல்லை. இறங்கிய விமானம் கோடியில் திரும்பி அதே ஓடுபாதையில் ஊர்ந்து வர வேண்டும். அது விலகும் வரை அடுத்தது வானத்தில் காத்திருக்கும். புது முனையம் கட்டினாலும் இந்தச் சிக்கல் தீராது, நிலம்தான் வேண்டும். ஓடுபாதையின் அகலம் 45 மீட்டர்தான். ஆனால் பெரிய விமானங்களுக்கான சர்வதேச விதிப்படி நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 140 மீட்டர் வெறுமையாக இருக்க வேண்டும். முனையில் 60 மீட்டர் பட்டை, அதற்கப்பால் 240 மீட்டர் பாதுகாப்புப் பரப்பு. என் கட்சிக்காரரின் இரண்டு ஏக்கர் இந்தக் கணக்குக்குள் விழுந்திருந்தது. அதை நான் மறுக்கவில்லை. மும்பையில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஓடுபாதைகளை ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியாமல், ஒன்றை வைத்தே 2018-இல் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களைக் கையாண்டார்கள். அப்படிப் பிழிந்து எடுப்பதற்கும் எல்லை உண்டு என்று சாட்சி சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

பிறகு நான் கேட்டது இரண்டே கேள்வி.

"இந்தத் திட்ட அறிக்கையில் பயணிகள் எண்ணிக்கையை எத்தனை ஆண்டுக்கு முன்கூட்டிக் கணித்திருக்கிறீர்கள்?"

"இருபது ஆண்டுக்கு, சார்."

"அதே இருபது ஆண்டில் நிலத்தின் விலை எப்படிப் போகும் என்ற கணிப்பு இதில் எங்காவது இருக்கிறதா?"

"அது எங்க வேலை இல்லீங்களே."

அந்த அறிக்கையை எங்கள் தரப்புச் சான்றாவணமாகக் குறியீடு செய்தேன்.

அரசு வழக்கறிஞர் அனுபவசாலி. சாலைக்கு மறுபுற மனை விலையை நான் காட்டுவேன் என்று எதிர்பார்த்துத் தயாராக வந்திருந்தார். கடற்படைத் தளத்துக்காக டிரினிடாடில் எடுக்கப்பட்ட கல்குவாரி பற்றிய 1947-ஆம் ஆண்டுப் பிரிவி கவுன்சில் தீர்ப்பை எடுத்து வைத்தார். பாயின்ட் கூர்ட் வழக்கு என்பார்கள். எந்தத் திட்டத்துக்காக நிலம் எடுக்கப்படுகிறதோ, அந்தத் திட்டத்தாலேயே ஏறிய விலையை நில உரிமையாளர் கேட்க முடியாது என்பது அதன் சாரம். மறுபுற விலை விமான நிலையம் தந்த விலை, ஆகவே தள்ளுங்கள் என்றார்.

"தள்ளுங்கள்" என்று நானும் சொன்னேன். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். திட்டத்தால் ஏறிய விலையைத் தள்ளினால், அதே திட்டத்தால் விழுந்த விலையையும் தள்ளத்தானே வேண்டும்? உள்ளே பதிவான பத்திரங்கள் சந்தை விலையைக் காட்டவில்லை, வாங்க ஆள் இல்லாத பயத்தைக் காட்டுகின்றன. நிலவும் சந்தை மதிப்பைக் காட்டாத விலையை ஒதுக்கலாம் என்று 26-ஆம் பிரிவின் நான்காம் விளக்கமே இடம் தருகிறது. விசாகப்பட்டினம் துறைமுகப் பகுதி நிலம் தொடர்பான 1939-ஆம் ஆண்டுக் கஜபதிராஜு வழக்கைச் சுட்டினேன். வாங்கக்கூடிய ஒரே ஆள் நிலத்தை எடுக்கும் நிர்வாகமே என்றாலும், நிலத்தின் உள்ளார்ந்த வாய்ப்புக்கு விலை உண்டு என்று அதில் பிரிவி கவுன்சில் சொல்லியிருக்கிறது. பிறகு 2008, 2009 பத்திரங்களை நீட்டினேன். வதந்தி பிறக்கும் முன்பு சாலையின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே விலை.

பழைய பத்திரத்திலிருந்து ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று ஏற்றிக் கணக்கிடும் வழியை 2008-இல் ஓ.என்.ஜி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. நகர்ப்புறத்துக்கு 10 முதல் 15, கிராமத்துக்கு 5 முதல் 7.5 விழுக்காடு. அதே தீர்ப்பு, இடைவெளி நான்கைந்து ஆண்டுகளைத் தாண்டினால் இந்தக் கணக்கு ஆபத்தானது என்றும் எச்சரிக்கிறது. அரசு வழக்கறிஞர் அதைத்தான் பிடித்தார். ஏழு ஆண்டு இடைவெளியை உண்டாக்கியது யார் என்பதே என் பதில். இடைவெளியை உண்டாக்கியவரே அதைக் காட்டித் தப்பிக்கக் கூடாது.

வாதத்தின்போது அரசுத் தரப்பு இன்னொன்றும் சொன்னது: வளர்ச்சியைக் காத்திருந்து பார்த்துத்தான் திட்டம் போட முடியும், தாமதம் தவிர்க்க முடியாதது. அதில் உண்மை உண்டு. கொரோனாவால் 2020 மார்ச் 25 முதல் மே 24 வரை உள்நாட்டுப் பயணிகள் விமானங்களே பறக்கவில்லை. 2019-இல் நாடு முழுக்க 14.4 கோடியாக இருந்த உள்நாட்டுப் பயணிகள் அடுத்த ஆண்டில் 6.3 கோடியாகச் சரிந்தார்கள். 2023-இல் 15.2 கோடியாக எழுந்தார்கள். கணிப்பு பொய்க்கவும் செய்யும். இலங்கையில் 2013-இல் திறந்த மத்தள விமான நிலையத்தில் 3,500 மீட்டர் ஓடுபாதை இருக்கிறது, விமானங்கள்தான் விரல்விட்டு எண்ணும் அளவில் வந்தன. ஆகவே நிர்வாகம் தயங்குவதை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தயக்கத்தின் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதே என் வழக்கு. முனையத்தைப் பகுதி பகுதியாகக் கட்டலாம், ஒப்பந்தத்தைத் தள்ளிப் போடலாம். கல் நட்ட நிலத்துக்காரருக்கு அப்படி எந்த வசதியும் இல்லை.

தீர்ப்பு பாதி வெற்றி. திட்டப் பகுதிக்குள் பதிவான பத்திரங்களை நீதிமன்றம் ஒதுக்கியது. 2009 விலையை அடிப்படையாக வைத்து, கிராமப்புற விழுக்காட்டின்படி ஆண்டுதோறும் ஏற்றியது. மறுபுற மனை விலையைத் தரவில்லை, தரவும் முடியாது. தொகை நாங்கள் கேட்டதைவிடக் குறைவு, அரசு முதலில் நிர்ணயித்த அவார்டு தொகையைவிட நல்ல உயர்வு. அரசு மேல்முறையீடு போனது. பாதித் தொகையைச் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு உயர் நீதிமன்றம் தடை தந்தது. அந்தப் பாதியை எடுக்க மனு போட்டு வாங்கிக் கொடுத்தேன். மகளின் கல்யாணக் கடன் அடைந்தது.

இதே கதை இனி வேறு ஊர்களிலும் வரும். மும்பையைப் போலவே சென்னையின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டுபவை. இரண்டாவது விமான நிலையம் வேண்டும் என்ற பேச்சுக்கு அதுவும் ஒரு காரணம். அதற்கான இடமாகப் பரந்தூர் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு விரிவாக்கம், புதிய நிலையம் என்று நோட்டீஸ் எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது நோட்டீஸ் தேதியை அல்ல, முதல் செய்தி வந்த தேதியை. அதற்கு முந்தைய கிரயப் பத்திரங்களின் நகல்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இன்றே மனு போட்டு எடுங்கள் என்கிறேன். அளவைக் கல் நட்டபோது வந்த செய்தித்தாளையும் கிராமசபைத் தீர்மானத்தையும் பத்திரப்படுத்தச் சொல்கிறேன். கடனை மறுத்தால் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள் என்கிறேன். இந்தக் காகிதங்கள்தான் நாளைக்கு நான்காம் விளக்கத்துக்கு உயிர் கொடுக்கும்.

ஆனால் இது வக்கீல் சாமர்த்தியத்தில் விட வேண்டிய காரியம் இல்லை. திட்டத்தை முதன்முதல் வெளியே சொன்ன நாளின் விலை, அன்றிலிருந்து அவார்டு நாள் வரை ஆண்டுதோறும் ஏற்றம் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். தாமதத்துக்கு விலை உண்டென்றால், வேண்டாத நிலத்தில் கல் நட யாரும் அவசரப்பட மாட்டார்கள். வேண்டிய நிலத்தை எடுப்பதில் ஏழு ஆண்டு தூங்கவும் மாட்டார்கள்.